ரெக்கார்டிங் உள்ள டிடிஎச் பெட்டி: 500 ஜிபியா, 1 டிபியா?

9 ஜூன் 2024, காலை (கேள்வி, கோவில்பட்டியிலிருந்து)

வீட்டில் டிடிஎச் மாற்றப் போகிறோம். அம்மாவுக்கு ராத்திரி இரண்டு சீரியல், அப்பாவுக்கு கிரிக்கெட். இரண்டும் ஒரே நேரத்தில் வருகிறது, தினமும் சண்டை. ரெக்கார்டிங் உள்ள பெட்டி வாங்கினால் தீரும் என்கிறார் கடைக்காரர். உள்ளேயே 500 ஜிபி இருக்கிற பெட்டி ஒன்று காட்டினார். இன்னொன்றில் பின்னால் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் செருகிக்கொள்ளலாம், 1 டிபி போட்டால் இரண்டு மடங்கு இடம், பெட்டி விலையும் குறைவு என்கிறார். இரண்டாவதையே எடுத்துவிடலாம்தானே? இல்லை 2 டிபியாகவே போட்டுவிடலாமா?

9 ஜூன், இரவு

ஜிபியை விடுங்கள் தம்பி. பெட்டிக்குள் ட்யூனர் எத்தனை? கடைக்காரரிடம் இதை மட்டும் கேட்டு வாருங்கள், பாதி விஷயம் முடிந்தது.

ட்யூனர்தான் டிஷ்ஷிலிருந்து வருகிற சிக்னலில் ஒன்றைப் பிடித்துத் தருகிறது. ஒன்று இருந்தால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடிக்கும். அம்மாவின் சீரியல் பதிவாகிக்கொண்டிருக்கும்போது அப்பா கிரிக்கெட்டுக்கு மாற்றினால் "பதிவை நிறுத்தவா?" என்று திரையில் கேட்கும். அப்பா யோசிக்காமல் ஓகே அழுத்துவார். சண்டை அப்படியே இருக்கும், கூடவே ஒரு ஹார்ட் டிஸ்க் செலவு.

யூஎஸ்பியில் செருகும் மலிவு பெட்டிகள் பெரும்பாலும் ஒற்றை ட்யூனர். உள்ளேயே டிஸ்க் வைத்து வந்த பெட்டிகள்தான் இரண்டு ட்யூனரோடு வந்தன. 2008இல் டாடா ஸ்கை ப்ளஸ் வந்தபோது அதன் பெருமையே ஒன்றைப் பதிவு செய்துகொண்டு இன்னொன்றைப் பார்க்கலாம் என்பதுதான்.

10 ஜூன்

சரி, ஜிபி கணக்கும் கேட்கிறார்கள், போட்டுவிடுகிறேன்.

எச்டி சேனல் ஒன்று நொடிக்கு 6 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கூடும், குறையும். எட்டால் வகுத்தால் முக்கால் மெகாபைட். மணிக்கு 2.7 ஜிபி. 500 ஜிபி என்றால் 180 மணி நேரத்துக்கு மேல். சாதா சேனல் என்றால் இதில் பாதிகூட ஆகாது. அம்மாவின் இரண்டு அரை மணி சீரியல், வாரத்துக்கு ஆறு நாள், எச்டியிலேயே பதிந்தாலும் வாரம் 16 ஜிபி. பார்த்ததை அழிக்காமலே வைத்தாலும் அரை வருடம் ஓடும். அரை வருடப் பழைய சீரியலை யார் திரும்பப் பார்க்கப் போகிறார்கள்? கதை அப்போதும் அதே கல்யாண மண்டபத்தில்தான் நின்றுகொண்டிருக்கும்.

இன்னொன்று. பெட்டிக்குள் இருக்கும் 500 ஜிபியும் உங்களுக்கே என்று நினைக்காதீர்கள். லைவை நிறுத்திப் பார்க்கும் வசதிக்கும் கம்பெனி தன் படங்களைப் போட்டு வைப்பதற்கும் கொஞ்சம் ஒதுக்கியிருப்பார்கள்.

10 ஜூன், சற்றுப் பின்

"என் பெட்டி ஒற்றை ட்யூனர்தான், ஆனால் ஒரு சேனல் பதிவாகும்போது வேறு சேனல் பார்க்கிறேனே அக்கா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பார்க்கலாம். நேற்று நான் "ஒன்றைத்தான் பிடிக்கும்" என்று எழுதியதை "ஒரு டிரான்ஸ்பாண்டரைத்தான் பிடிக்கும்" என்று வாசித்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்பாண்டர் என்பது செயற்கைக்கோளில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி. ஒன்றில் பத்திருபது சேனல்கள் ஒன்றாகக் கட்டி வருகின்றன. நீங்கள் பதிவு செய்வதும் பார்ப்பதும் ஒரே கட்டுக்குள் இருந்தால், பெட்டியின் மென்பொருளும் அனுமதித்தால், இரண்டும் நடக்கும். அப்பாவின் கிரிக்கெட்டும் அம்மாவின் சீரியலும் ஒரே கட்டில் வருமா என்பது உங்கள் அதிர்ஷ்டம். சேனல்களை இடம் மாற்றினால் அதுவும் போச்சு.

11 ஜூன்

இரண்டு ட்யூனர் பெட்டியில் கடைக்காரர் சொல்லாத செலவு ஒன்று இருக்கிறது. ஒயர்.

டிஷ்ஷின் மூக்கில் இருக்கிற எல்என்பிக்குப் பெட்டி கீழிருந்து 13 வோல்ட் அனுப்பினால் அது செங்குத்து அலையை எடுக்கும், 18 வோல்ட் அனுப்பினால் கிடைமட்ட அலையை எடுக்கும். ஒரே ஒயரில் 13ம் 18ம் சேர்த்து அனுப்ப முடியாது. அதனால் இரண்டு ட்யூனருக்கு மொட்டை மாடியிலிருந்து இரண்டு ஒயர், மேலே இரட்டை எல்என்பி. ஒரு ஒயரை மட்டும் செருகி "ஓடுது பாருங்க" என்று காட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஓடும். இரண்டு பதிவு போடும்போதுதான் தெரியும்.

சொந்த வீடு என்றால் பிரச்சினை இல்லை. வாடகை வீட்டில் ஜன்னல் சட்டத்தில் ஏற்கெனவே ஒரு ஓட்டை போட்டிருப்போம், வீட்டுக்காரர் அதையே இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார். அடுக்குமாடியில் சுவருக்குள் ஒற்றை ஒயர் இழுத்து மூடியிருப்பார்கள். பெட்டி வாங்குமுன் மாடிக்குப் போய் ஒயர் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். என் தம்பி பல வருடம் டிஷ் மாட்டும் வேலை பார்த்தவன். ரெக்கார்டர் பெட்டிக்கு வருகிற புகாரில் பாதி, ஒயர் முனையில் திருகும் எஃப் கனெக்டரில்தான் என்பான். நடுக்கம்பி ஒரு மில்லிமீட்டர் குட்டையாக வெட்டப்பட்டிருந்தால் சாதாரணமாகப் பார்க்கும்போது படம் வரும். இரண்டாவது ட்யூனர் மட்டும் அவ்வப்போது "சிக்னல் இல்லை" காட்டும். அந்த நேரம் பார்த்துப் பதிவும் வெறும் கறுப்பாக விழும்.

13 ஜூன்

இப்போது நான் உண்மையில் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன். பதிவு செய்ததெல்லாம் யாருடையது?

டிடிஎச் பெட்டியில் நீங்கள் பதிவு செய்வது பூட்டுப் போட்டுத்தான் டிஸ்க்கில் விழுகிறது. சாவி அந்தப் பெட்டியிலும் அதன் கார்டிலும் இருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டால் ஒன்றும் ஓடாது. யூஎஸ்பி டிஸ்க் என்றாலும் கதை அதேதான். பக்கத்து வீட்டில் அதே கம்பெனியின் அதே மாடல் பெட்டி இருந்தாலும் அதில் ஓடாது. 1 டிபி என்ன, 2 டிபி என்ன.

என் மகள் ஒன்பதாம் வகுப்பில் ஒரு சேனலில் பாடினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நிகழ்ச்சி, நாலு நிமிடம் வருவாள். இரண்டு ட்யூனர் பெட்டியில் பதிவு செய்து, "அழிக்காதே" என்று குறியும் போட்டு வைத்திருந்தோம். வருகிற சொந்தக்காரர் எல்லோருக்கும் போட்டுக் காட்டுவோம். அவளுக்குத்தான் கூச்சம், எழுந்து சமையலறைக்குள் போய்விடுவாள். ஒரு மழைக்காலத்தில் பெட்டியின் பவர் போர்டு போயிற்று. டெக்னீஷியன் வந்தார், நல்ல பையன், பத்து நிமிடத்தில் புதுப் பெட்டி மாட்டினார், பழையதைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "தம்பி, அந்த டிஸ்க் மட்டும்..." என்றேன். "பெட்டி கம்பெனியோடது மேடம், திருப்பிக் கொடுக்கணும். டிஸ்க்கைக் கொடுத்தாலும் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை" என்றார். அவர் சொன்னது சரிதான். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை, அதில் மகளும் இருந்தாள். படிக்கத்தான் வழியில்லை.

கஸ்டமர் கேருக்குப் பேசினேன். "உங்கள் பதிவுகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று விண்ணப்பப் படிவத்திலேயே இருக்கிறதாம். தேடிப் பார்த்தேன், இருக்கிறது.

கோவில்பட்டித் தம்பிக்கு இது தேவையில்லாத கவலையாக இருக்கலாம். இன்று பதிந்து நாளை பார்த்து அழிக்கிற சீரியலுக்குப் பூட்டு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. வைத்துக்கொள்ள வேண்டிய எதையும் மட்டும் அந்தப் பெட்டியை நம்பி விடாதீர்கள்.

13 ஜூன், இரவு

"ரீசார்ஜ் பண்ணாவிட்டாலும் பழைய பதிவு ஓடும்தானே?" எங்கள் பெட்டியில் ஓடவில்லை. சந்தா தீர்ந்த மறுநாள் பதிவுப் பட்டியல் தெரிந்தது, தொட்டால் ரீசார்ஜ் செய்யச் சொன்னது. வாங்குமுன் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி இது. மூன்றாவது, பதிவு வசதிக்கு மாதாமாதம் தனிக் கட்டணம் உண்டா. உண்டு என்றால் அதற்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

16 ஜூன்

"அப்படியானால் கம்பெனி பெட்டி வேண்டாம், நாமே வெளியில் நல்ல பெட்டி வாங்கி கார்டைப் போட்டுக்கொள்ளலாமே, ஐரோப்பாவில் அப்படித்தானே?" என்று ஒரு சார் கேட்கிறார். அங்கே அந்த வழக்கம் உண்டு, இங்கே நடைமுறையில் இல்லை. எந்தக் கம்பெனிப் பெட்டியும் எந்தக் கம்பெனிக்கும் ஓட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரை அனுப்பியது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது. கம்பெனி மாறினால் பெட்டியும் மாற வேண்டும், பெட்டி மாறினால் பதிவுகளும் போகும். மேலே நான் புலம்பியதேதான்.

18 ஜூன்

பூட்டு இல்லாத வழி ஒன்று இருக்கிறது. யாரும் அதைப் பற்றிப் பேசாததற்குக் காரணம், அதில் யாருக்கும் மாதாமாதம் வருமானம் இல்லை. டிடி ஃப்ரீ டிஷ், தூர்தர்ஷனின் இலவச டிடிஎச்.

2004 டிசம்பரில் டிடி டைரக்ட் ப்ளஸ் என்று ஆரம்பித்ததுதான். மாதச் சந்தா கிடையாது. பூட்டில்லாமல் வருகிற சேனலைப் பிடிக்கும் பெட்டி வெளிச்சந்தையில் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. சாலிட் மாதிரிப் பெயர்கள், இன்னும் பெயரே தெரியாத எத்தனையோ. இவற்றில் பின்னால் யூஎஸ்பி இருக்கும், ரிமோட்டில் சிவப்புப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் வருகிற சிக்னல் அப்படியே டிஎஸ் என்ற வீடியோ ஃபைலாகப் பென் டிரைவில் விழும். கழற்றிக் கம்ப்யூட்டரில் விஎல்சி ப்ளேயரில் போட்டால் ஓடும். பெட்டி செத்தாலும் ஃபைல் சாகாது. வெட்டி ஒட்டலாம், வாட்ஸப்பில் அத்தைக்கு அனுப்பலாம்.

வாங்கும்போது எம்பெக்-4 பெட்டியாகப் பாருங்கள். எம்பெக் என்பது படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை, 2 பழையது, 4 புதியது. பழைய எம்பெக்-2 பெட்டியில் பல சேனல் வராது. எம்பெக்-4 பெட்டி இரண்டையும் காட்டும். எம்பெக்-4 சேனல்களில் சிலவற்றுக்கு இப்போது பூட்டு வந்துவிட்டது, அதற்கு அங்கீகரித்த பெட்டி வேண்டும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் சேனல் மிகக் குறைவு. டிடி தமிழ் உண்டு. 2024 ஜனவரி வரை பொதிகை, இப்போது பெயர் மாறிவிட்டது, என் வாய்க்குத்தான் இன்னும் வரவில்லை. அம்மாவின் சீரியல் எதுவும் இதில் வராது. ஆகவே இது கோவில்பட்டிக்கு முழுப் பதில் இல்லை.

18 ஜூன், பின்குறிப்பு

டிஷ் புதிதாக வாங்க வேண்டுமா என்று கேட்டவருக்கு: உங்கள் மாடியில் பழைய சன் டைரக்ட் டிஷ் 93.5 டிகிரி கிழக்கைப் பார்த்து நிற்கிறதா? அதுவே போதும். அங்கே நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்துதான் ஃப்ரீ டிஷ்ஷும் வருகிறது. 91.5ஐப் பார்த்திருந்தால் கொஞ்சம் திருப்ப வேண்டும்.

அந்த இரண்டு டிகிரிக்கு ஒரு கதை உண்டு. 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளுக்கு மின்சாரக் கோளாறு வந்து பாதி டிரான்ஸ்பாண்டர்களை அணைத்துவிட்டார்கள். அதை நம்பியிருந்த சன் டைரக்ட் 91.5இல் இருந்த மீசாட் என்ற வேறு செயற்கைக்கோளுக்குப் போயிற்று. தமிழ்நாடு முழுக்க மொட்டை மாடி ஏறி இரண்டு டிகிரி திருப்பினார்கள். என் தம்பி அந்தச் சமயம் வீட்டுக்கு வந்ததே அபூர்வம். வந்தாலும் பாதிச் சோற்றில் போன் அடிக்கும்.

22 ஜூன்

"சட்டப்படி பதிவு செய்யலாமா, பயமாக இருக்கிறது" என்று தனியாக ஒருவர் எழுதியிருக்கிறார். செய்யலாம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கு ஒளிபரப்பைப் பதிவு செய்வது உரிமை மீறல் ஆகாது என்கிறது. அதைத் தூக்கி யூட்யூப்பில் போட்டால் வேறு விஷயம். அத்தைக்கு வாட்ஸப்பில் அனுப்பலாம் என்று 18ஆம் தேதி எழுதினேனே, அது மகள் பாட்டு மாதிரி நாலு நிமிடத் துண்டை மனதில் வைத்து. படத்தை முழுசாகக் குடும்பக் குழுவில் போடச் சொல்லவில்லை.

30 ஜூன்

டி20 உலகக் கோப்பையை இந்தியா ஜெயித்தாச்சு. நேற்று ராத்திரி எங்கள் தெருவில் பட்டாசு ஒரு மணி வரைக்கும்.

என் அண்ணன் ஒரு வேலை பார்த்திருக்கிறார். பேரன் தூங்கிவிடுவான், காலையில் காட்டலாம் என்று ஃப்ரீ டிஷ் பெட்டியில் டைமர் போட்டிருக்கிறார். எட்டு மணிக்கு ஆரம்பம், டி20 தானே, மூன்று மணி நேரம் போதும், 11 மணிக்கு நிறுத்து என்று. இன்று காலை பேரன் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். கிளாசன் அடித்து நொறுக்கிக்கொண்டிருக்கும்போது பதிவு முடிந்துவிட்டது. சூர்யகுமார் பிடித்த அந்தக் கேட்ச் இல்லை, கடைசி ஓவர் இல்லை. அந்தப் பென் டிரைவைப் பொறுத்தவரை தென்னாப்பிரிக்காதான் ஜெயிக்கப் போகிறது. பையன் அழுதுகொண்டே பள்ளித் தோழனுக்குப் போன் போட்டானாம்.

விளையாட்டுக்கு டைமர் போட்டால் முடியும் நேரத்தோடு ஒரு மணி நேரம் சேர்த்துப் போடுங்கள். இடம் ஒன்றும் காசு கேட்காது. சீரியலுக்கு முன்னே இரண்டு, பின்னே ஐந்து நிமிடம். டிடிஎச் பெட்டியில் "தொடர் முழுக்கப் பதிவு செய்" என்று ஒரே தடவை சொல்லிவிடலாம், ஆனால் அது நிகழ்ச்சி அட்டவணையை நம்பி ஓடுகிறது. அட்டவணையில் ஏழரை, ஒளிபரப்பில் 7.33 என்றால் தொடரின் கடைசி மூன்று நிமிடம் போகும். எல்லாத் திருப்பமும் அந்த மூன்று நிமிடத்தில்தான்.

1 ஜூலை

"மேட்ச் ஃப்ரீ டிஷ்ஷில் எப்படி வந்தது, என் டிடிஎச்சில் டிடி ஸ்போர்ட்ஸில் வேறு ஏதோ ஓடியதே" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 2007இல் ஒரு சட்டம் வந்தது. நாட்டுக்கு முக்கியமான ஆட்டங்களை உரிமை வாங்கிய தனியார் சேனல், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆனால் அந்தச் சிக்னல் டிடியின் சொந்தத் தரைவழியிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான் போகலாம், தனியார் கேபிளிலும் டிடிஎச்சிலும் கூடாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால்தான் ஒரே சேனல், இரண்டு வீட்டில் இரண்டு விதம்.

கோவில்பட்டித் தம்பி, இதைக் கவனியுங்கள். அப்பாவின் கிரிக்கெட்டில் இந்தியா ஆடும் முக்கியமான ஆட்டங்களில் பல இந்த வழியில் வந்துவிடும். ஐபிஎல் வராது.

7 ஜூலை

ஹார்ட் டிஸ்க் அடிக்கடி போகிறது என்ற புகாருக்கு.

ரெக்கார்டர் பெட்டியின் டிஸ்க் சும்மா இருப்பதே இல்லை. நீங்கள் எதுவும் பதிவு செய்யாவிட்டாலும், லைவை நிறுத்திப் பார்ப்பதற்காகப் பார்க்கும் சேனலை எழுதிக்கொண்டே இருக்கும். இதற்கென்றே ஓயாமல் எழுதத் தாங்குகிற டிஸ்க்குகள் செய்தார்கள், சீகேட் பைப்லைன், டபிள்யூடி ஏவி என்று. நாம் செருகுவது லேப்டாப்புக்கு வாங்கிய சாதாரண 2.5 அங்குல டிஸ்க். அதோடு ஒரு மின்சாரச் சிக்கல்: பழைய யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரும். பல டிஸ்க்குகள் சுழலத் தொடங்கும்போது அதைவிடக் கூடுதலாக இழுக்கும். டக் டக் என்று சத்தம் வரும், பெட்டி "யூஎஸ்பி காணவில்லை" என்னும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோவார்கள், கடைக்காரர் லேப்டாப்பில் போட்டால் நன்றாக ஓடும். தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்று நடுவில் வைத்தால் தீர்ந்தது.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்தக் கண் சிமிட்டும் நேரத்தில் சில பெட்டிகள் அணைந்து மறுபடி தொடங்கும். தொடங்கிச் சிக்னல் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம். பாதிப் பதிவு துண்டாகும். ஃப்ரீ டிஷ் பெட்டிகளில் இன்னும் மோசம், சிக்னல் வந்து கடிகாரம் சரியாகும் வரை டைமருக்கு மணி என்னவென்றே தெரியாது. கடிகாரத்தை உலக நேரத்தோடு (ஜிஎம்டி) 5.30 மணி கூட்டி வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். சில பெட்டிகள் 5 என்றே வருகின்றன, எல்லாப் பதிவும் அரை மணி தள்ளி விழும்.

ஃபார்மேட்: ஃபேட்32இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது. நல்ல பெட்டி தானே துண்டு துண்டாக்கும், மட்டமான பெட்டி 4 ஜிபியில் நின்றுவிடும். எச்டி என்றால் ஒன்றரை மணி நேரத்தில். படம் இடைவேளைக்கு மேல் கொஞ்ச தூரம் வரை இருக்கும்.

8 ஜூலை

"பென் டிரைவ் வேகம் போதுமா?" முக்கால் மெகாபைட்டுதான் வேண்டும் என்று 10 ஜூன் கணக்கிலேயே இருக்கிறது. பதிவுக்கு எதுவும் போதும். நிறுத்தி வைத்துப் பின்னால் பார்க்கும்போது எழுதவும் படிக்கவும் ஒரே நேரத்தில் வேண்டும், அங்கேதான் மலிவு டிரைவ் திணறும்.

21 ஜூலை

அரை மணி சீரியலைப் பதிந்து பார்த்தால் உண்மையில் எவ்வளவு என்று என் மாமியார் ஒரு ஆராய்ச்சி செய்திருக்கிறார். மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் போடலாம் என்று விதி. அரை மணிக்கு ஆறு. முந்தைய நாள் கதை, தொடக்கப் பாட்டு, மூன்று முகங்களை மூன்று மூன்று தடவை காட்டுவது, எல்லாம் ஓட்டிவிட்டால் மிச்சம் ஒரு டீ குடிக்கிற நேரம். "இதுக்குத்தானா ராத்திரி அரை மணி நேரம் உட்கார்ந்தேன்" என்று அவருக்கே கோபம். பதிவுப் பெட்டியின் பெரிய லாபம் இந்த ஓட்டுவதுதான், நேரத்துக்குப் பார்ப்பது கூட இல்லை. 30 விநாடி தாண்டும் பொத்தான் ரிமோட்டில் தனியாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். வேகமாக ஓட்டும் பொத்தான் மட்டும் இருந்தால் பெரியவர்கள் எப்போதும் தாண்டிப் போய்விடுவார்கள், பிறகு பின்னால் ஓட்டுவார்கள், விளம்பரத்தையே இரண்டு தடவை பார்ப்பார்கள்.

"இப்போதெல்லாம் ஆப்பில் எல்லாம் இருக்கிறதே, எதற்குப் பதிவு?" நியாயமான கேள்வி. இன்டர்நெட் நன்றாக இருந்தால், ஆப்புக்குக் காசு கட்டினால், சீரியலுக்குப் பதிவுப் பெட்டியே வேண்டாம். ஆண்ட்ராய்டு பெட்டி வாங்குகிறவர்கள் மட்டும் கவனியுங்கள், ஆப் இருக்கிறது என்ற துணிச்சலில் சிலவற்றில் பதிவு வசதியையே எடுத்துவிட்டார்கள். ஆனால் செல்போனில் எழுத்து தேடிப் பாஸ்வேர்டு அடித்து அம்மா சீரியல் பார்ப்பார் என்று நான் நம்பவில்லை.

9 ஆகஸ்ட்

பாரிஸ் ஒலிம்பிக்கில் நீரஜ் ஈட்டி எறிந்தது நேற்று ராத்திரி 11.55க்கு. அண்ணன் இந்தத் தடவை விடியற்காலை 3 மணி வரை டைமர் போட்டிருக்கிறார். 89.45 மீட்டர், வெள்ளி. பேரன் காலையில் முழுசாகப் பார்த்துவிட்டான். பாகிஸ்தானின் நதீம் எறிந்த 92.97 வரும்போது மட்டும் ஓட்டிவிட்டானாம்.

29 செப்டம்பர்

இரண்டு நாளாகக் காலை 11 மணிவாக்கில் சில நிமிடம் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, டிஷ் நகர்ந்துவிட்டதா என்று விசாரிக்கிறார்கள். யாரையும் மாடி ஏற்றாதீர்கள். செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்கிற நாட்கள் இவை, செப்டம்பர் கடைசியிலும் மார்ச் நடுவிலும் வரும். சூரியனும் அதே அலைவரிசையில் இரைகிறது, டிஷ்ஷுக்குச் சிக்னல் கேட்பதில்லை. சில நாளில் தானே போய்விடும். காசு வாங்கிக்கொண்டு "சரி பண்ணிட்டேன்" என்பவர்கள் இந்தச் சமயத்தில் அதிகம், என் தம்பியே ஒப்புக்கொண்டிருக்கிறான்.

மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நம் டிடிஎச் வருகிற கூ பேண்ட் அலைவரிசையில், பெரு மழை பெய்தால் பதிவில் ஓட்டை விழும், அதற்கு மருந்தில்லை. பெரிய சி பேண்ட் டிஷ் மழையைப் பொருட்படுத்தாது, ஆனால் எட்டடி டிஷ்ஷை எங்கே வைப்பது?

12 அக்டோபர்

கோவில்பட்டியிலிருந்து சேதி: "அக்கா, பழைய டிடிஎச்சையே வைத்துக்கொண்டோம். முன்னறைச் சின்ன டிவிக்கு எம்பெக்-4 ஃப்ரீ டிஷ் பெட்டி. அப்பா அங்கே. அம்மா பழையபடி கூடத்தில். பதிவுக்கு 64 ஜிபி பென் டிரைவ், இன்னும் நிரம்பவில்லை. இப்போது ஐபிஎல் வந்தால்தான் பிரச்சினை."

ஐபிஎல்லுக்கு மார்ச் வரை நேரம் இருக்கிறது. அதற்குள் அம்மாவின் இரண்டு சீரியலுக்கும் மறு ஒளிபரப்பு எத்தனை மணிக்கு என்று பார்த்து வையுங்கள். பகலில் ஒரு தடவை திரும்பப் போடுகிற சேனல்கள் பல உண்டு. அது கிடைத்துவிட்டால் ரெக்கார்டரே வேண்டாம். கிடைக்காவிட்டால் இரண்டு ட்யூனர், இரண்டு ஒயர், ஜூன் 11ஐப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

12 அக்டோபர், மாலை

பழைய ரெக்கார்டர் பெட்டி சொந்தமாக வாங்கியது, செத்துவிட்டது, உள்ளே இருக்கும் 500 ஜிபி டிஸ்க்கை என்ன செய்வது என்று கேட்டவருக்கு: பதிவுகளை மறந்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றி ஒரு மணி நேரம் விட்டுத் திறங்கள், பவர் போர்டில் கெப்பாசிட்டர் வைத்திருக்கும் மின்சாரம் சும்மா விடாது. டிஸ்க் சாதாரண சாட்டா இணைப்புதான். கம்ப்யூட்டரில் போட்டதும் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும், செய்யுங்கள். மெதுவாகச் சுழலும், ஆனால் அதிகம் சூடாகாது. போட்டோ நகல் வைத்துக்கொள்ள நன்றாக இருக்கும். ஏற்கெனவே பல வருடம் ராப்பகலாக எழுதிய டிஸ்க் என்பதால் ஒரே நகலாக மட்டும் அதில் எதையும் வைக்காதீர்கள்.